கொடுத்தனுப்பிய கியர்

எங்கள் கீழமாதளையிலிருந்து இதுவரை யாரும் வெறுங்கையோடு வெளியூர் கிளம்பியதில்லை. பரீட்சை எழுதப் போகிறவன் பையில் அந்த ஊரில் இருக்கும் யாருடைய பெரியம்மாவுக்கோ சேர வேண்டிய வடகம் இருக்கும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவள் மடியில் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் குடியிருப்பவளுக்குத் தைத்த ஜாக்கெட் இருக்கும், அவ்வளவு ஏன், செத்துப்போனவர்களைத் தூக்குவதற்கு முன்னால்கூடக் காதருகே குனிந்து, அங்கே எங்க அப்பாவைப் பார்த்தா நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லு என்று சொல்லியனுப்புகிற ஊர் இது. இதைக் கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். எங்களுக்கு இது பெருமைதான்.

மலைக்கு மேலே மேலமாதளை. கீழே பிறந்தவள் மேலே வாழ்க்கைப்படுவதும் மேலே பிறந்தவள் கீழே வருவதும் காலங்காலமாக நடப்பதால், கீழே அடுப்பெரிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே ஓர் ஆள் உண்டு, அந்த ஆளுக்குப் போய்ச் சேர வேண்டிய சாமானும் எப்போதும் ஒன்று உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சிரைக்க ஏறுகிற பஸ்ஸில் ஆட்களைவிடக் கட்டைப்பைகள்தான் அதிகம். வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த பஸ் ஓடாது. பங்குனியில் மேலமாதளை அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள், பட்டணத்துச் சங்கம் ஒன்று மலையேற்ற சைக்கிள் பந்தயம் நடத்துவதற்காகச் சாலையை அடைத்துவிடும். அதற்கும் முந்தின நாளே அனுப்பிவிடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கொடைக்கு முந்தின நாள் சுடுகிற அதிரசத்தை அதற்கு முந்தின நாளே எப்படி அனுப்புவது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே பந்தயத்தில் ஓட்டுகிற ஒரே ஊர்க்காரியான முப்பிடாதியிடம் நாங்கள் எல்லாவற்றையும் கொடுத்தனுப்புவோம்.

முப்பிடாதி மேலே பிறந்தவள். கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐகோர்ட்துரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டவள், கடையில் பஞ்சர் ஒட்டி நின்ற யாருடைய வண்டியையோ எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க மலையேறினாள். தவறவிட்ட பஸ் நாலாவது வளைவில் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றபோது, உள்ளே இருந்தவர்களுக்குக் கையாட்டிவிட்டுத் தாண்டிப் போனாள். அதைக் கேள்விப்பட்ட ஐகோர்ட்துரை கோபப்படவில்லை, அங்கிருந்தும் இங்கிருந்தும் பாகம் சேர்த்து அவளுக்கென்று ஒரு பந்தய சைக்கிள் பூட்டிக் கொடுத்தான். அந்த வண்டியில் அவள் வருடாவருடம் ஓடினாள், வருடாவருடம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வரும் மிருதுளா ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் சொருகிக்கொண்டு ஏறுவாள். எங்கள் முப்பிடாதி முதுகில் முறுக்கும், கைப்பிடியில் புளியும், இடுப்பில் மூட்டுவலித் தைலமும், குக்கருக்கு மாற்றுகிற ரப்பர் வளையங்களைக் கழுத்தில் மாலையாகவும் போட்டுக்கொண்டு ஏறுவாள். அப்படியும் இரண்டாவது என்றால், அவள் கால்கள் எப்படிப்பட்ட கால்கள் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தயம் மேலமாதளை அம்மன் கோயில் வாசலில் முடியும். அவள் அம்மா சண்முகக்கனியின் வீடு தெருவின் மறுகோடியில் இருந்தது. முழங்கால் தேய்ந்துபோன சண்முகக்கனியால் வாசலில் போட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தாண்டி நடக்க முடியாது, மகள் கோட்டைத் தாண்டுவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லா வீட்டுச் சாமானையும் இறக்கிவிட்டு முப்பிடாதி கடைசியாக அங்கே போய் நிற்கும்போது, சண்முகக்கனி சிரித்துக்கொண்டே கேட்பாள்.

"ஊருக்கெல்லாம் கொண்டாந்தே. எனக்கு என்னட்டி கொண்டாந்தே?"

"உனக்கு அடுத்த வருசம்மா."

விளையாட்டுக்குக் கேட்பதுதான், விளையாட்டுக்குச் சொல்வதுதான். ஆனால் வருடங்கள் போகப் போக முப்பிடாதிக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் குத்த ஆரம்பித்தது. அம்மாவுக்குக் கொண்டுபோக அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது முதலிடம். அதையும் வருடாவருடம் மிருதுளா கோயம்புத்தூருக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். இந்த வருடம் முப்பிடாதிக்கு முப்பத்துநான்கு. முப்பத்தைந்து ஆகிவிட்ட பெண்கள் ஓரமாக நின்று கைதட்டினால் போதும் என்பது சங்கத்தின் சட்டம். ஆகவே கொண்டுபோனால் இந்தத் தடவை, இல்லையென்றால் எப்போதும் இல்லை.

வண்டியின் எடையைக் குறைப்பதென்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். சீட்டை மாற்றினார்கள், பெடலை மாற்றினார்கள், மறையாணிகளைக்கூட லேசான உலோகத்தில் தேடி மாற்றினார்கள், கடைசியில் கனமாக மிச்சம் இருந்தது கியர் லீவர்கள் மட்டும்தான். பழைய லீவர்கள் எஃகு. உழைத்த சாமான், நம்பினால் கைவிடாத சாமான், ஆனால் கனம். அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்று பார்க்க, கடைக்காரர்களிடம் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிவந்த இரண்டு ஜோடிகளோடும், கடைக்கு வந்து சேர்ந்திருந்த இன்னொன்றோடும் இருவரும் ராமலிங்க ஆசாரியின் நகைப்பட்டறைக்குப் போனார்கள். கிராமுக்குக் கீழே நிறுக்கிற தராசு ஊரில் அவரிடம்தான் இருந்தது.

"கைப்பிடியிலயே பிரேக்கும் கியரும் சேந்து இருக்கது இது. வளைவுல கையை எடுக்காண்டாம். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றான் ஐகோர்ட்துரை.

முப்பிடாதி கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "முழுத் தேங்கா கனம் கனக்கே. இதைப் போட்டுக்கிட்டு ஏறுததுக்கு உங்களையே பின்னால உக்கார வச்சுக்கிட்டு ஏறிருவேன்."

"இந்தா, இது பேட்டரியில ஓடுததுல்லா?" என்றார் ஆசாரி. "தொட்டாப் போதுமாம்."

"பாதி மலையில சார்ஜ் தீந்துட்டா நீங்க வந்து தள்ளுவியளா அண்ணாச்சி?"

மூன்றாவது ஜோடி ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் இருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு லீவர்கள், வண்டியின் சாய்வுக் குழாயில் இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று என்று பொருத்துவது. கியர் மாற்றக் கையைக் கீழே கொண்டுபோக வேண்டும், அந்த ஒரு சங்கடம்தான். அந்தப் பெட்டியை யார் அனுப்பியது என்று தெரியாது. லாரியில் வந்தவர் டீக்கடையில் கொடுத்தாராம், டீக்கடைக்காரர் தையல்காரரிடம் கொடுத்தாராம், தையல்காரர் பூக்காரியிடம் கொடுத்து, சைக்கிள் கடையில் சேர்த்துவிடு என்றாராம். நாங்கள் அதை விசாரிக்கவில்லை. இத்தனை வருடமாக எங்கள் ஊரிலிருந்து எங்கெங்கோ எத்தனையோ போயிருக்கிறது, எங்கிருந்தோ ஒன்று வருவதில் அதிசயம் என்ன?

ஆசாரி பெட்டியைத் திறந்து இரண்டு லீவர்களையும் தராசில் வைத்தார். வைத்த கையை எடுத்ததும் அவை தட்டிலிருந்து மெதுவாக எழும்பி, சோப்பு நுரை போல ஆடி ஆடி மேலே போய், உத்தரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. ஆசாரி மின்விசிறியை நிறுத்தினார். ஒட்டடைக் கம்பால் லீவர்களை இறக்கி, தன் மோதிரத்தோடு நூலால் கட்டி மறுபடி நிறுத்தார். மோதிரத்தின் எடை பாதிதான் இருந்தது.

"மூணுல இதுதான் லேசு" என்றார் ஆசாரி, மோதிரத்தை அவிழ்த்து விரலில் போட்டுக்கொண்டே.

"அப்ப இதுதான்" என்றாள் முப்பிடாதி.

பெட்டியில் வரும்போது பறக்காத லீவர்கள் இங்கே எப்படிப் பறந்தன என்று ஐகோர்ட்துரை மட்டும் கொஞ்சம் யோசித்தான். கொண்டுவந்த ஒவ்வொருவரும் அதன்மேல் வேறு ஏதாவது ஒரு சாமானை வைத்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள், எங்கள் ஊரில் ஒரே ஒரு பொருளை யாரும் தனியாகத் தூக்குவதில்லை. அதோடு அவன் யோசனையும் தீர்ந்தது.

லீவர்களைக் குழாயில் வைத்து முறுக்கியதும் அவற்றின் குணம் வண்டி முழுவதற்கும் பரவிவிட்டது. வண்டி கடைக்கு வெளியே வந்தது, நிமிர்ந்தது, கம்பியில் கட்டாத துணி காற்றில் எழும்புவதுபோல் எழும்பி, தெருவிளக்கு உயரத்தில் நின்றது. ஐகோர்ட்துரை ஆட்டுக்கயிற்றை வீசி இழுத்து விளக்குக் கம்பத்தில் கட்டினான். கம்பத்தில் கட்டக்கூடாது என்று மின்வாரியத்து லைன்மேன் வந்து சொன்னார், நியாயம்தான், ஆகவே பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயின் துணிக்கொடிக் கம்பத்துக்கு மாற்றினார்கள். பேச்சித்தாய் ஐகோர்ட்துரைக்குச் சித்தி முறை. வண்டியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, கொடியில் இடமில்லை, இதன்மேல் சேலையைக் காயப்போடலாமா என்பதுதான். ஈரச்சேலைகளைப் போட்டதும் வண்டி நல்ல பிள்ளையாகத் தரைக்கு இறங்கும், சேலை காயக் காய மேலே ஏறும், உச்சிக்குப் போய்விட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வீட்டுக்காரிகளும் தங்கள் ஈரத்துணிகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு அவரவர்க்குத் தோன்றியதை அவரவர் செய்தார்கள். கண்பட்டுவிடக்கூடாது என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள், அந்தக் கனத்துக்கு முன்சக்கரம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ரிப்பன் வெட்டித் தொடங்கிவைக்கிறேன் என்று வந்து ஏணி கேட்டார். அம்மன் கோபுரத்துக்கு மாலை சாத்த இதை அனுப்ப முடியுமா என்று மேலமாதளைப் பூசாரி ஆள் விட்டு விசாரித்தார். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவர்களிடம் நாங்கள் ரொம்பச் சாதாரணமாக, அது எங்க ஊர் சைக்கிள், கொஞ்சம் லேசு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். அப்படிச் சொல்வதில் இருந்த சுகத்துக்காகவே அந்தப் பங்குனியில் எங்கள் ஊரில் யாரும் வெளியூர் போகவில்லை.

முப்பிடாதி அந்த வண்டியில் பழக ஆரம்பித்தாள். மலைக்குப் போகிறாள் என்று தெரிந்தால் எங்கள் ஊர் சும்மா இருக்குமா? பழகப் போகும் ஒவ்வொரு நாளும் வழக்கம்போலப் பைகளைக் கட்டிவிட்டோம். அத்தனை பைகளோடும் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது, மூன்றாவது வளைவிலேயே அவள் பஸ்ஸை முந்தினாள், ஒருநாள் இரண்டாவதிலேயே முந்தினாள். இறங்கிவந்தவள் பைகளை எண்ணிப் பார்த்தாள். இத்தனை சுமையோடு இவ்வளவு வேகம் என்றால், சுமையே இல்லாமல் போனால்?

அந்த நினைப்போடு அவள் வீடு வீடாக வந்தாள். எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"இந்த ஒரு தடவை மட்டும் எங்கிட்ட எதுவும் குடுத்து விடாதிய. கடைசி வருசம். நான் ஜெயிக்கணும்."

சொல்லிவிட்டு அவள் போன பிறகு தெருவே துக்கவீடு மாதிரி ஆகிவிட்டது. பேச்சித்தாயின் மகள் செண்பகவல்லி மேலே கடைசி வளைவில் இருக்கிறாள், கொடைக்கு அவள் வீட்டில் விருந்து, அம்மா வீட்டுப் புளி இல்லாமல் அவளுக்குக் குழம்பே இறங்காது. பேச்சித்தாய் மூக்கைச் சிந்தினாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"புளி இல்லாட்டா ஒரு வருசம் ரசம் வைக்காம இருப்பா. நம்ம பிள்ளை ஜெயிக்காம இருக்கலாமா? யாரும் ஒண்ணும் குடுக்கக்கூடாது, ஆமா" என்று அவள்தான் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும்.

பந்தயத்தன்று காலையில் கீழமாதளை முழுவதும் அடிவாரத்தில் திரண்டது. வெறுங்கையோடு யாரையும் வழியனுப்பிப் பழக்கமில்லாததால் கைகளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிலர் கட்டிக்கொண்டோம், சிலர் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டோம். பட்டணத்து வண்டிகள் வரிசையில் நின்றன. மிருதுளா முப்பிடாதியைப் பார்த்து, "அக்கா, பையெல்லாம் எங்கக்கா?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். முப்பிடாதி சிரித்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

லீவர்களின் குணம் உட்கார்ந்தவளுக்கும் பரவ, வண்டி அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஒரு சாண் உயரத்துக்கு எழும்பியது.

அவள் பெடலை மிதித்தாள். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. ரோட்டைப் பிடிக்காத சக்கரம் எங்கே போகும்? சங்கத்தின் நடுவர், வெள்ளைத் தொப்பி போட்டவர், குனிந்து பார்த்தார், பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டினார். அவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை, சட்டம்தான் இருந்தது.

"மேடம், ரெண்டு டயரும் ரோட்டுல படணும். காகிதம் உள்ளே போச்சுன்னா அது சைக்கிள் பந்தயத்துல வராது. வழியிலயும் மோட்டார் சைக்கிள்ல வந்து பார்ப்பேன்."

ஐகோர்ட்துரை ஸ்பேனரோடு ஓடிவந்தான். அவன் இன்னொரு கையில் பழைய எஃகு லீவர்கள் இருந்தன. "மாத்திருவோம் முப்பிடாதி. ரெண்டே நிமிசம். கனமா இருந்தாலும் ரோட்டுல ஓடும்லா?"

அவள் பழையதைப் பார்த்தாள், புதியதைப் பார்த்தாள். பழையதைப் போட்டால் ஓடலாம், இரண்டாவது வரலாம், இன்னொரு தடவை அடுத்த வருசம்மா என்று சொல்லலாம், அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் தன் ஊரைப் பார்த்தாள். துணி காயக் காய இந்த வண்டி மேலே ஏறியதை அவளும் எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்! அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, பழகிய நாளெல்லாம் மலை முழுவதும் தன்னைத் தரையில் பிடித்துவைத்து ஓட்டியது எது என்று.

"அத்தை, கையைப் பின்னால வச்சிருக்கியளே, என்ன அது?"

பேச்சித்தாய் திருதிருவென்று விழித்தாள். "ஒண்ணுமில்லட்டி."

"காட்டுங்க."

பேச்சித்தாயின் கையில் பெரிய புளி உருண்டை இருந்தது. "குடுக்கணும்னு கொண்டாரல. சும்மா கொண்டாந்தேன்" என்றாள்.

அவள் மட்டுமா? தையல்காரர் சட்டைக்குள்ளிருந்து ஜாக்கெட் பொட்டலத்தை எடுத்தார், பூக்காரி கூடைக்கடியிலிருந்து அதிரசத்தை எடுத்தாள், டீக்கடைக்காரர் லுங்கி மடிப்பிலிருந்து சுக்கையும் கருப்பட்டியையும் எடுத்தார். ஒருவருக்கும் தெரியாமல் ஒவ்வொருவரும் கொண்டுவந்திருந்தோம். அடுத்த நிமிடம் கீழமாதளை முழுவதும் வண்டியின்மேல் விழுந்தது. ஒரு பை மாட்டினால் வண்டி ஒரு விரல் இறங்கியது, இன்னொரு பை, இன்னொரு விரல். கடைசியில் காகிதம் மட்டும் முன் டயருக்கடியில் நுழைந்து நுழைந்து வந்தது. கொடுக்க யாரிடமும் எதுவும் மிச்சமில்லை. ஐகோர்ட்துரை பழைய எஃகு லீவர்களைக் கைக்குட்டையில் முடிந்து அவள் சட்டைப்பையில் போட்டான்.

"இது நான் குடுத்து விடுதது. போயிட்டு வா."

டயர் தரையைத் தொட்டது. நடுவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுமை ஏற்றக்கூடாது என்று சட்டமில்லை. இத்தனை வருடமாக அவள் சுமையோடு தோற்றபோது அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

விசில் ஊதினார்கள். இனி மலையில் நடந்ததை, ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னபடி சொல்கிறேன். முன்னால் மிருதுளா, பின்னால் முப்பிடாதி, அவளுக்குப் பின்னால் மற்ற எல்லோரும் என்று முதல் வளைவிலேயே வரிசை பிரிந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் சாமானுக்குரியவர்கள் வந்து நின்றார்கள். அவள் நிற்கவில்லை, ஓடிவந்து அவர்களே பையை உருவிக்கொண்டார்கள். பையை உருவினால் வண்டி எழும்ப வேண்டுமே, எழும்பவில்லை. ஏனென்றால் மேலமாதளைக்காரர்களும் எங்கள் ரத்தம்தான், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற சாதி கிடையாது. வடகத்தை எடுத்த கை பலாக்காயை மாட்டியது, முறுக்கை எடுத்த கை மலைவாழைச் சீப்பைத் தொங்கவிட்டது, தைலத்தை எடுத்த கை மிளகு மூட்டையைக் கட்டியது. ஏற ஏறக் குறைய வேண்டிய சுமை ஒருபோதும் குறையாததுதான் இத்தனை வருடமும் அவளைக் கொன்றது. இந்த வருடம் அதுவே அவளைத் தரையில் பிடித்துவைத்துக்கொண்டது. பிடியிலிருந்து கையை எடுத்துக் குழாயில் இருக்கும் லீவரைக் கட்டைவிரலால் தள்ளுவாள், செயின் பெரிய பல்சக்கரத்துக்குத் தாவும், அவள் இன்னும் ஒரு வண்டி நீளம் மிருதுளாவை நெருங்குவாள்.

கடைசி வளைவு செங்குத்து. அங்கே பேச்சித்தாயின் மகள் செண்பகவல்லி, கொடைக்கு நேர்ந்த கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அம்மா வீட்டுப் புளியைப் பார்த்ததும் அவளுக்கு உலகமே மறந்துபோனது. எல்லாவற்றிலும் கனமான அந்த உருண்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு முகர்ந்துகொண்டே நின்றுவிட்டாள், பதிலுக்கு ஒன்றும் மாட்டவில்லை.

வண்டி எழும்பியது. சக்கரம் வெறுமனே சுற்ற, மிருதுளா மேலே மேலே போக, கீழ் வளைவில் நடுவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வாழ்நாளெல்லாம் கொடுத்ததை வாங்கிச் சுமந்தவள், யாரிடமும் எதுவும் கொண்டா என்று வாய் திறந்து கேட்காதவள், அந்த இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏட்டி செம்பகம்! எனக்கு ஏதாவது குடுட்டி!"

செண்பகவல்லி திடுக்கிட்டு, கையில் இருந்ததை அப்படியே கொடுத்தாள். இருந்தது கோழிதான். முப்பிடாதி அதைக் கைப்பிடியில் தொங்கிய பைக்குள் திணித்தாள், டயர் தரையைக் கடித்தது, நடுவர் வளைவில் திரும்பியபோது வண்டி சட்டப்படி ஓடிக்கொண்டிருந்தது. பைக்கு வெளியே தலையை நீட்டிய கோழி கூவிய கூவலில் மிருதுளா திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் எழுந்து நின்று மிதித்தாள், அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கோயில் வாசல் வரைக்கும் இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று விடவில்லை. கோட்டருகே முப்பிடாதி குனிந்து கடைசியாக ஒரு தடவை லீவரைத் தள்ளினாள்.

கோட்டை முதலில் தாண்டியது முப்பிடாதியின் முன்சக்கரமா, அதற்கு ஒரு விரல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கோழியின் கழுத்தா என்ற வாக்குவாதம் எங்கள் ஊரில் இன்னும் தீரவில்லை. எதுவானாலும் முதலிடம் எங்களுக்குத்தான். மிருதுளா வந்து கட்டிப்பிடித்து, "அடுத்த வருஷம் எனக்கும் ரெண்டு பை குடுக்கச் சொல்லுங்கக்கா" என்றாளாம். நேர்ந்த கோழியை அதற்குப் பிறகு யாரும் அறுக்கவில்லை, அம்மனும் கேட்கவில்லை.

கோப்பையை வாங்கிக்கொண்டு முப்பிடாதி வண்டியை உருட்டியபடி தெருவின் மறுகோடிக்குப் போனாள். சிவப்பு நாற்காலியில் சண்முகக்கனி கழுத்தை நீட்டி நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மைக்குல உம் பேரைச் சொன்னான். சத்தந்தான் கேட்டுது, ஒண்ணையும் பாக்க முடியல" என்றாள். பிறகு வழக்கமான சிரிப்போடு, "சரி, எனக்கு என்னட்டி கொண்டாந்தே?" என்று கேட்டாள்.

முப்பிடாதி கோப்பையை அவள் மடியில் வைத்தாள். சண்முகக்கனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முந்தானையால் துடைத்தாள். கோப்பை மடியில் இருக்கிறது, ஆனால் மகள் ஜெயித்தாள் என்று நாலு பேரிடம் போய்ச் சொல்லக் கால் வேண்டுமே, அந்த ஏக்கம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. முப்பிடாதி அதைப் பார்த்தாள். மலையிலேயே லேசான பொருளை, தேடித் தேடி எடைபோட்டுத் தேர்ந்தெடுத்த பொருளை, இனிமேல் தான் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தாள். உட்கார்ந்து, சீட்டுக்கடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இரண்டு லீவர்களையும் கழற்றினாள். வண்டி பலாக்காய்களோடு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. சட்டைப்பையில் கிடந்த பழைய எஃகு லீவர்களை எடுத்துக் குழாயில் பூட்டினாள். புதியவற்றை அம்மாவின் முந்தானையில் வைத்து இறுக்க முடிந்தாள்.

"என்னட்டி இது?"

"உனக்குக் கொண்டாந்தது. எந்திரி."

சண்முகக்கனி எழுந்தாள். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பு நாற்காலிக்குக் கீழேயே கிடக்க, குதிகாலுக்கும் தரைக்கும் இடையே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளியோடு அவள் தெருவில் நடந்தாள். கோப்பையை இடுப்பில் குடம் மாதிரி இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி, "எம்மவதான் ஃபர்ஸ்ட்" என்றாள். அடுத்த வீடு, "எம்மவதான் ஃபர்ஸ்ட்." கண்ணால் பார்த்தவர்களிடமே சொன்னாள், கோயிலில் அம்மனிடமும் சொன்னாள். மேலமாதளையில் சொல்வதற்கு வீடு தீர்ந்துபோனதும் மலைச்சாலையைப் பார்த்தாள். கீழே இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

அவள் கீழே போகிறாள் என்று தெரிந்ததும் மேலமாதளை சும்மா விடுமா?

அன்று சாயங்காலம் நாங்கள் அடிவாரத்தில் மேளம் வைத்து, வெடிபோட்டு, ஐகோர்ட்துரையைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, பஸ் ஓடாத அந்தச் சாலையில் ஒருத்தி நடந்து வருவது தெரிந்தது. கிட்டே வர வரத்தான் அடையாளம் தெரிந்தது. பல வருடமாக நாற்காலியை விட்டு எழாத சண்முகக்கனி, இரண்டு கையிலும் இரண்டிரண்டு கட்டைப்பை, முதுகில் ஒரு சாக்கு, தலையில் வாழைத்தார், அத்தனை சுமையும் சேர்ந்து அவள் பாதத்தைச் சரியாகத் தரையில் வைத்திருக்க, மூச்சுக்கூட வாங்காமல் வந்து எங்கள் நடுவில் நின்றாள். பின்னால் முப்பிடாதி வண்டியை உருட்டிக்கொண்டு, அம்மாவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வந்துகொண்டிருந்தாள்.

மேளம் நின்றது. சண்முகக்கனி பைகளை இறக்காமலே எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சங்கதி தெரியுமா? எம்மவ ஜெயிச்சுட்டா."

கையில் வெடிமருந்து வாடையும் சட்டையெல்லாம் சந்தனமுமாக நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு பேச்சித்தாய் முன்னால் வந்து, கன்னத்தில் கை வைத்து, அந்த நிமிடம்தான் கேள்விப்படுகிறவள் மாதிரி, "அப்படியா மைனி!" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆசாரி, "நெசமாவா?" என்றார். ஒவ்வொருவராக, ஊர் முழுவதும், ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டோம், ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.